இரவு என்னும் ஆடை: வீட்டு விளக்குகளும் உடலின் நாழிகையும்

பழவேற்காட்டின் சின்னப் பள்ளிவாசலில் ஒரு சூரியக் கடிகாரம் உண்டு. டச்சுக்காரர்களின் கல்லறைகளைக் காணச் செல்வோர் பலர் அதனைப் பாராமலே திரும்பிவிடுகின்றனர். கைக்கடிகாரமும் ஒலிபெருக்கியும் பரவாத நாளில், தொழுகை வேளையை அறிய அவ்வூர் முஸ்லிம்களுக்குத் துணைநின்றது அதன் நிழலே. அங்கிருந்து மேற்கே, நேர்கோட்டில் சுமார் 20 கிலோமீட்டர்த் தொலைவில் இருப்பது கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழில் வளாகம். இரண்டும் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் அமைந்தவை. சூரியன் உதிப்பதிலும் மறைவதிலும் இவ்விரு ஊர்களுக்கிடையே ஒரு நிமிட வேறுபாடுகூட இல்லை. ஆயினும் உருக்காலைகளும் உருட்டாலைகளும் நிறைந்த கும்மிடிப்பூண்டியில் காலத்தை அறிவிப்பது ஆலைச் சங்கு. காலை 6, பிற்பகல் 2, இரவு 10 என்று பொதுவாக அமையும் மூன்று ஷிப்டுகளே அங்கு நாளைப் பகுக்கின்றன.

ஐவேளைத் தொழுகையின் நேரங்கள் யாவும் சூரியனின் நிலையைக் கொண்டு வகுக்கப்பட்டவை. கிழக்கு வெளுப்பது, உச்சி சாய்வது, நிழல் நீள்வது, பொழுது மறைவது, செவ்வானம் அகல்வது என ஒவ்வொன்றும் கண்ணால் காணத்தக்க ஓர் ஒளி மாற்றம். இன்று நாம் அவற்றை அச்சிட்ட அட்டவணையிலிருந்து அறிகிறோம். ஆனால் அட்டவணை பாராத ஒன்று நம் உடலுக்குள் இருக்கிறது. அது இன்னமும் ஒளியைக் கொண்டே நேரத்தைக் கணிக்கிறது. மக்ரிபுக்குப் பின் நம் வீட்டுக் கூரையில் எரியும் விளக்கை அது என்னவென்று எண்ணிக்கொள்கிறது என்பதே இக்கட்டுரையில் நாம் காணவிருப்பது.

உள்ளே ஓடும் கடிகாரம்

1729ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் தெ மைரான் தொட்டாற்சிணுங்கிச் செடி ஒன்றை இருட்டில் வைத்துப் பார்த்தார். சூரியனைக் காணாத நிலையிலும் அச்செடி பகலில் இலை விரித்தது, இரவில் கூம்பியது. வெளியிலிருந்து யாரும் சொல்லாமலே அதற்குப் பொழுது தெரிந்திருந்தது. இத்தகைய உட்கடிகாரம் மனிதருக்கும் உண்டு என்பது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உறுதியாயிற்று. ஜெர்மனியில் யூர்கன் ஆஷோஃப் நிலத்தடி அறைகளில் தன்னார்வலர்களைச் சில வாரங்கள் தங்கவைத்து, கடிகாரமோ பகலொளியோ இன்றி அவர்கள் எப்போது உறங்கி எப்போது எழுகின்றனர் எனக் கணித்தார்.

இத்துறையில் தமிழகத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை நம்மில் பலர் அறியார். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மா. கி. சந்திரசேகரன் உயிரியக் காலவியலுக்கென ஓர் ஆய்வுப் பள்ளியையே உருவாக்கினார். புறவுலகின் நேரக் குறிப்பு எதுவும் எட்டாத, மனிதர் தங்கும் தனியறை ஒன்றும் அங்கு அமைக்கப்பட்டிருந்தது. அவரும் அவர்தம் மாணாக்கரும் மதுரைக்கு அருகிலுள்ள குகைகளில் வாழும் வௌவால்களை ஆராய்ந்தனர். இருண்ட குகையில் தனியே அடைக்கப்பட்ட வௌவாலின் உட்கடிகாரம் நாளடைவில் வெளியுலக நாளிலிருந்து விலகிச் சென்றது. தன் இனத்தார் கூட்டமாக வாழும் குகையில் அடைக்கப்பட்ட வௌவாலோ, ஒளியை அறவே காணாதபோதும், மாலையில் வெளியேறி விடியலில் திரும்பும் கூட்டத்தோடு தன் கடிகாரத்தைப் பொருத்திக்கொண்டது. 1981இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் எடுத்தாளப்பட்டது. கூட்டு வாழ்வும் காலத்தை உணர்த்தும் ஒரு குறிப்பு என்பதற்கு அது சான்றாயிற்று. பள்ளிவாசலின் ஜமாஅத்தை எண்ணாமல் இதனைப் படிக்க இயலவில்லை.

மனிதரிடம் முதன்மையான குறிப்பு ஒளியே. நமது உட்கடிகாரத்தின் இயல்பான சுற்று சரியாக 24 மணி அன்று. சராசரியாக 24 மணி 12 நிமிடம் அளவில் அமைகிறது. திருத்துவார் இல்லையேல் அது நாளொன்றுக்கு 12 நிமிடம் பிந்தும். ஐந்து நாளில் ஒரு மணி நேரம் பின்தங்கிவிடும். நாள்தோறும் அதனைத் திருத்தும் பணி காலை வெளிச்சத்துக்கு உரியது. காலை ஒளி கடிகாரத்தை முன்னே தள்ளுகிறது. மாலையிலும் முன்னிரவிலும் படும் ஒளி அதனைப் பின்னே இழுக்கிறது. வீட்டு விளக்கைப் பற்றிய பேச்சு முழுவதும் இந்த ஒரு விதியின் மேல் நிற்கிறது.

கடிகாரத்தின் தலைமையிடம் மூளையில், இரு கண்களின் பார்வை நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே உள்ள ஓர் அணுத்திரள். சுமார் 20,000 நரம்பணுக்களைக் கொண்ட அது ஒரு கடுகளவுகூட இராது. கல்லீரல், இதயம், கணையம் என உறுப்புகள்தோறும் துணைக் கடிகாரங்களும் உள்ளன. அணுவுக்குள் இக்கடிகாரம் எவ்வாறு ஓடுகிறது என்பதைக் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கு 2017ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பார்ப்பதற்கல்லாத ஒரு கண்

பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம், 11ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘கிதாபுல் மனாஸிர்’ என்னும் நூலில், பொருள்களிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே பார்வை நிகழ்கிறது என நிறுவினார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழங்கருத்து அதனால் வீழ்ந்தது. அன்று முதல் கண் ஒளியைப் பெறும் உறுப்பு எனக் கொள்ளப்பட்டது. ஆனால் பெற்ற ஒளியைக் கண் வேறொன்றுக்கும் பயன்படுத்துகிறது என்பது தெளிவாவதற்கு மேலும் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் ஆயின.

விழித்திரையில் கோல், கூம்பு என இருவகை ஒளியுணர் அணுக்கள் இருப்பதைப் பள்ளிப் பாடத்தில் படித்தோம். மூன்றாவதாக ஒரு வகை இருப்பதை 2002இல் டேவிட் பெர்சனும் பிறரும் மெய்ப்பித்தனர். மெலனாப்சின் என்னும் நிறமியைக் கொண்ட இவ்வணுக்கள் உருவங்களைக் காட்டுவதற்காக அமைந்தவை அல்ல. வெளியே எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்பதை அளந்து மூளைக் கடிகாரத்துக்கு நேராக அறிவிப்பதே அவற்றின் தலையாய பணி. பார்வை இழந்தோர் சிலரிடமும் இவை செயல்படுகின்றன. அவர்கள் ஒளியைக் காண்பதில்லை, அவர்தம் உடலோ பகலை அறிகிறது. இவ்வணுக்கள் கூடுதலாகத் துலங்குவது 480 நானோமீட்டர் அளவிலான நீல ஒளிக்கு, அதாவது தெளிந்த பகல் வானத்தின் நிறத்துக்கு. சிவப்புக்கும் செம்மஞ்சளுக்கும் இவை பெரிதும் மந்தமானவை.

வெளிச்சம் குன்றியது என்னும் செய்தி கிடைத்ததும் மூளையின் நடுவே உள்ள பீனியல் சுரப்பி மெலடோனின் என்னும் இயக்குநீரைச் சுரக்கத் தொடங்கும். வழக்கமாக உறங்கும் நேரத்துக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்னரே இது தொடங்கிவிடுகிறது. மெலடோனினைத் தூக்க மருந்து எனச் சிலர் கருதுவது சரியன்று. ‘இரவு வந்துவிட்டது’ என உறுப்புகளுக்கெல்லாம் அறிவிக்கும் முரசு அது. அம்முரசு ஒலித்த பின்னரே உடல் வெப்பம் தணிதல், இரத்த அழுத்தம் இறங்குதல், உறக்கம் கனிதல் ஆகியவை ஒழுங்காக நிகழ்கின்றன. 1980இல் ஆல்ஃபிரட் லூயியும் உடனாய்வாளரும் கடும் வெளிச்சம் மனிதரிடம் மெலடோனினை அடக்குவதைக் காட்டினர். அப்போது அவர்கள் பயன்படுத்தியது 2500 லக்ஸ். ஒரு மெழுகுவர்த்தி ஒரு மீட்டர்த் தொலைவில் தரும் வெளிச்சமே ஏறத்தாழ 1 லக்ஸ். முழுநிலவின் ஒளி அதில் மூன்றில் ஒரு பங்கும் தேறாது. வெயிலில்லாத நிழற்பகலிலோ 10,000 லக்ஸ் இருக்கக்கூடும். எனவே வீட்டு விளக்குகளால் தீங்கில்லை என்றே அன்று கருதப்பட்டது.

பின்வந்த ஆய்வுகள் அவ்வெண்ணத்தைப் படிப்படியாகக் கலைத்தன. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 200 லக்ஸுக்கும் குறைவான சாதாரண அறை வெளிச்சத்தில் முன்னிரவைக் கழித்தவர்களுக்கு, மங்கிய ஒளியில் கழித்த நாளைக் காட்டிலும் மெலடோனின் சுரக்கும் காலம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் சுருங்கியது. 2019இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், சராசரி மனிதரின் மெலடோனின் பாதியளவு அடங்குவதற்கு 25 லக்ஸ்கூட வேண்டியதில்லை எனக் கண்டனர். ஆளுக்கு ஆள் இவ்வுணர்வு ஐம்பது மடங்கு வரை வேறுபடுவதும் அதில் தெரியவந்தது. ஒரே விளக்கின் கீழ் அண்ணன் உறங்கிவிட, தம்பி புரண்டுகொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். சிறுவர் நிலை இன்னும் கவலைக்குரியது. அவர்தம் கண்மணி விரிந்தது, விழிவில்லை தெளிந்தது. ஆதலால் அதே விளக்கிலிருந்து கூடுதலான ஒளி அவர்தம் விழித்திரையை அடைகிறது. பள்ளிப் பருவத்துக்கு முந்திய குழந்தைகளை உறங்கும் நேரத்துக்கு முன் கடும் வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் விளையாடவிட்டபோது, அவர்தம் மெலடோனின் ஏறத்தாழ ஒன்பதில் எட்டுப் பங்கு அடங்கிப்போனதை 2018ஆம் ஆண்டின் ஆய்வொன்று பதிவுசெய்தது.

கூரையில் ஒரு பகல்

நம் பாட்டனார் காலத்து வீடுகளில் சிம்னி விளக்கும் அரிக்கேன் விளக்கும் இருந்தன. கல்யாண வீட்டுக்குப் பெட்ரோமாக்ஸ் வரும். ஓதுவதற்கு உட்காரும் பிள்ளைகள் விளக்கைச் சுற்றி நெருங்கி அமர்ந்தனர். விளக்கு தரையில் இருந்தது, ஒளி மஞ்சளாக இருந்தது, சுவரின் மேற்பாதி இருளில் கிடந்தது. பின்னர் வந்த குண்டு பல்பும் மஞ்சளே. அதனைக் கீழிறக்கிய பெருமை டியூப்லைட்டுக்கு உரியது. வெள்ளை வெளிச்சம் வசதியின் அடையாளமாயிற்று. மஞ்சள் பல்பு எரியும் வீடு வறிய வீடாகக் கருதப்பட்டது. அந்த மனப்பான்மை இன்றும் போகவில்லை. விளக்குக் கடையில் மஞ்சள் எல்.இ.டி. கேட்டால், ஓட்டலுக்கா என்று வினவுகின்றனர்.

ஒளியின் நிறத்தைக் கெல்வின் அளவால் குறிப்பர். மெழுகுவர்த்திச் சுடர் சுமார் 1900, குண்டு பல்பு 2700, நம் நாட்டு வீடுகளில் பரவலாக எரியும் வெள்ளை விளக்குகள் 6500. எண் உயர உயர ஒளியில் நீலம் மிகும். வெள்ளை எல்.இ.டி. உண்மையில் ஒரு நீல விளக்கே. 450 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியை உமிழும் சில்லின் மேல் மஞ்சளாக ஒளிரும் பூச்சு ஒன்றைத் தடவி, இரண்டும் கலந்து வெண்மையாகத் தோன்றச் செய்கின்றனர். அந்நீலச் சில்லை ஆக்கியமைக்காக அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகியோர் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றனர். மறுஆண்டு சனவரி 5ஆம் நாள் நடுவண் அரசு உஜாலா திட்டத்தைத் தொடங்கி, 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. பல்புகளை நாடெங்கும் பரப்பியது. அரசு கொள்முதல் செய்த விலை 310 ரூபாயிலிருந்து இரண்டே ஆண்டுகளில் 38 ரூபாய்க்கு இறங்கியது. மின்சாரச் சேமிப்பு என்ற வகையில் இது பெருஞ்சாதனை. அதில் ஐயமில்லை.

ஆனால் விளக்கை அணைக்கச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு குரலும் அத்துடன் ஓய்ந்தது. 60 வாட் குண்டு பல்பு இரவுதோறும் 10 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 36 யூனிட் ஆகும். 9 வாட் எல்.இ.டி. அதே அளவு எரிந்தால் 5.4 யூனிட்தான். தமிழகத்தில் 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமில்லை. மின்கட்டண அட்டையைக் காட்டிப் பிள்ளைகளை அதட்டும் தந்தைக்கு இனி வாதம் கிடையாது. நடையில் ஒன்று, அடுப்படியில் ஒன்று, மாடிப்படியில் ஒன்று என விடிய விடிய எரிவது வழக்கமாகிவிட்டது.

10 அடிக்கு 10 அடி அறை ஒன்றில் 20 வாட் எல்.இ.டி. டியூப்லைட் எரிவதாகக் கொள்வோம். அதன் ஒளி சுமார் 2000 லூமன். அறையில் ஏறத்தாழ 100 லக்ஸ் கிடைக்கும். 2022இல் பல நாட்டு உறக்க, ஒளியியல் அறிஞர்கள் கூடி ஒரு பரிந்துரையை வெளியிட்டனர். மெலனாப்சின் அணுக்கள் உணரும் அளவில் கணக்கிட்டு, பகலில் கண்ணில் படும் ஒளி 250 லக்ஸுக்குக் குறையாமலும், உறங்குவதற்கு முந்திய மூன்று மணி நேரம் 10 லக்ஸுக்கு மேற்படாமலும், உறங்கும்போது 1 லக்ஸுக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும் என்பது அது. நமது அறையின் வெளிச்சத்தில் பாதியே கண்ணை அடைகிறது என்று கொண்டாலும், மாலைக்குரிய வரம்பைப் போல் ஐந்து மடங்கு வந்துவிடுகிறது. அதே வெளிச்சத்தை 2700 கெல்வின் மஞ்சள் விளக்கிலிருந்து பெற்றால் அவ்வணுக்களின் மேல் அதன் தாக்கம் ஏறக்குறையப் பாதியாகும். மஞ்சளாக்கினால் மட்டும் போதாது, குறைக்கவும் வேண்டும் என்பது இக்கணக்கிலிருந்தே விளங்கும்.

கைப்பேசியைப் பற்றி ஒரு சொல். இரவுத் தூக்கம் கெடுவதற்கு எல்லாப் பழியையும் அதன் மேல் போடுவது இன்று வழக்கம். ஒளிரும் திரையில் உறங்கும்வரை நான்கு மணி நேரம் நூல் படித்தோரை, அச்சு நூல் படித்தோருடன் ஒப்பிட்ட 2015ஆம் ஆண்டின் ஆய்வில், மெலடோனின் சுரப்பு மறுநாள் ஒன்றரை மணி நேரம் பிந்தியது உண்மையே. ஆனால் உறக்கம் வரக் கூடுதலாக ஆன நேரம் சுமார் 10 நிமிடம். கைப்பேசியின் சிறு திரை தரும் ஒளி, கூரை டியூப்லைட் தருவதைவிடப் பெரும்பாலும் குறைவானது. கைப்பேசி உறக்கத்தைக் கெடுப்பது ஒளியால் மட்டுமன்று, அது மனத்தை விழிக்கவைப்பதாலும். கைப்பேசியைப் பிடுங்கி வைத்துவிட்டு டியூப்லைட்டை அப்படியே எரியவிடும் பெற்றோர் பாதி வேலையைத்தான் செய்கின்றனர்.

உறங்கும்போது எரியும் விளக்கும் சிறு பொருட்டன்று. மூடிய இமை ஒளியை முற்றிலும் தடுப்பதில்லை. 2022இல் சிகாகோ ஆய்வாளர்கள், 100 லக்ஸ் வெளிச்சத்தில் ஓரிரவு உறங்கியோருக்கு இதயத் துடிப்பு உயர்ந்தே நின்றதையும், மறுநாள் காலை இன்சுலினின் செயல்திறன் குன்றியதையும் கண்டனர். நீரிழிவு மலிந்த நம் சமூகத்தார் கருதவேண்டிய செய்தி இது. ஜீரோ வாட் பல்பு என்று நாம் அழைத்த பழைய இரவு விளக்கு உண்மையில் 15 வாட் வரை இழுத்தது. மீட்டர் அதனைப் பதிவு செய்யாததால் அப்பெயர் பெற்றது. இன்றைய எல்.இ.டி. இரவு விளக்கு அரை வாட் அளவே. ஆயினும் கடையில் நீலமும் பச்சையும்தான் முதலில் காட்டப்படுகின்றன. இரவு விளக்கு வேண்டுமாயின் சிவப்போ செம்மஞ்சளோ கேட்டு வாங்குதல் நன்று.

ஷிப்டு மாறும் வீடு

கும்மிடிப்பூண்டிக்குத் திரும்புவோம். அங்குள்ள மின் உலைகள் இரவில் ஓடுவதற்கு ஒரு பொருளாதாரக் காரணம் உண்டு. தமிழகத்தின் உயர் அழுத்த மின்கட்டண ஒழுங்கில், காலையிலும் மாலையிலும் உச்சநேரக் கூடுதல் கட்டணமும், இரவு 10 முதல் காலை 5 வரையிலான நுகர்வுக்கு 5 சதவீதத் தள்ளுபடியும் நெடுங்காலமாக இருந்துவருகின்றன. இரும்பை உருக்குவோருக்கு மின்சாரமே பெருஞ்செலவு. இரவு மலிவாக இருக்கும்போது உலை இரவில் எரியும். உலை எரியும்போது ஆள் விழித்திருக்க வேண்டும்.

உடலின் விழிப்பு மிகத் தாழ்ந்து நிற்பது அதிகாலை 3 மணிக்கும் 5 மணிக்கும் இடையில். உருகிய இரும்பின் அருகே நிற்பவருக்கு அந்நேரம் எத்தகையது என விளக்க வேண்டுவதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இரவு ஷிப்டு வேலையைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வாய்ப்புள்ளது என 2007இல் வகைப்படுத்தி, 2019இல் அதனை மீண்டும் உறுதிசெய்தது. மனிதரிடத்தில் சான்று வரம்புக்குட்பட்டது என்பதையும் அம்முகமையே குறிப்பிட்டுள்ளது. இவ்வகைப்பாடு ஆண்டுக்கணக்கில் இரவு வேலை செய்வதைப் பற்றியது. படுக்கையறைப் பல்பு ஒன்றைக் கண்டு புற்றுநோய் என அஞ்சுவது அறியாமை.

நம் கவனத்துக்கு அதிகம் வராதது வேறொன்று. ஷிப்டு வேலை செய்பவர் ஒருவர். ஷிப்டு மாறுவதோ வீடு முழுவதும். சிப்காட்டைச் சுற்றியுள்ள லைன் வீடுகளில் ஓர் அறை, ஒரு விளக்கு. முதல் ஷிப்டுக்குச் செல்பவருக்காக அதிகாலை நாலரைக்கு அவ்விளக்கு எரிகிறது. இரண்டாம் ஷிப்டு முடித்து வருபவருக்காக இரவு 11 மணி வரை எரிகிறது. அவர் உண்ணும்போது, பக்கத்தில் பாயில் கிடக்கும் பிள்ளையின் முகத்துக்கு நேர் மேலே எரிகிறது. வாரந்தோறும் ஷிப்டு மாறும். வாரந்தோறும் வீட்டின் இரவும் மாறும். கணவருக்கு மாறும் ஷிப்டு ஒன்று. மனைவிக்கோ அவருடைய ஷிப்டும் பிள்ளைகளின் பள்ளியும் சேர்ந்து, மூன்று ஷிப்டும் அவருடையதாகிவிடுகிறது. தொழிலாளர் நலம் பற்றிய கணக்குகளில் அவர் பெயர் வருவதில்லை. ஆலைக்குள் கால்வைக்காத அவர் உடலின் கடிகாரமும் ஆலைச் சங்குக்கே கட்டுப்பட்டிருக்கிறது.

ஏழை எளியவரின் உறக்கத்தை அளந்து பார்த்த ஆய்வொன்று சென்னையிலேயே நடந்தது. பொருளியலாளர் ஐவர் 2021இல் வெளியிட்ட அதில், குறைந்த வருமானமுள்ள 452 பேர் மணிக்கட்டில் உறக்கமானி அணிந்தனர். அவர்கள் இரவில் எட்டு மணி நேரம் படுத்திருந்தும், சராசரியாக உறங்கியது ஐந்தரை மணி நேரமே. வெப்பம், இரைச்சல், கொசு, வெளிச்சம் ஆகியவை இடையிடையே எழுப்பிக்கொண்டிருந்தன. கண்மூடி, காதடைப்பான், மின்விசிறி முதலியவற்றோடு அறிவுரையும் வழங்கியபோது உறக்கம் 27 நிமிடம் கூடியது. எதிர்பார்ப்புக்கு மாறாக, அந்தக் கூடுதல் உறக்கத்தால் வேலைத்திறனிலோ மனநலத்திலோ பயன் தென்படவில்லை. துண்டு துண்டான உறக்கத்தைச் சற்று நீட்டியதால் பயன் விளையவில்லை போலும் என்பது ஒரு விளக்கம். ஆனால் அதே ஆய்வில், வேலையிடத்தில் நண்பகலுக்குப் பின் சிறிது நேரம் உறங்க வாய்ப்புப் பெற்றோருக்கு வேலைத்திறனும் மனநிறைவும் பொறுமையும் உயர்ந்தன.

நண்பகல் உறக்கத்தை நாம் கைலூலா என அறிவோம். நபித்தோழர் வாழ்வில் அது இயல்பான வழக்கம். அந்-நூர் அத்தியாயத்தில், வீட்டினுள்ளும் அனுமதி கேட்டு நுழைய வேண்டிய மூன்று நேரங்களுள் ஒன்றாக, ஆடை தளர்த்தி ஓய்வுகொள்ளும் நண்பகல் குறிப்பிடப்படுகிறது. அர்-ரூம் அத்தியாயம் இரவு உறக்கத்தோடு பகல் உறக்கத்தையும் இறைவனின் சான்றுகளுள் சேர்க்கிறது. மதிய உணவு இடைவேளையில் அரைமணி நேரம் சாய்ந்திருக்க இடமளிக்கும் ஆலைகள் எத்தனை என்பது கேட்கத்தக்க கேள்வி.

அணைக்கச் சொன்ன காரணம்

இனி மார்க்கத்தின் பக்கம் வருவோம். இரவில் உறங்கும்போது விளக்குகளை அணைத்துவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததாக ஸஹீஹுல் புகாரியில் ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பு உள்ளது. இதனை எடுத்துக்காட்டி, மெலடோனினைப் பற்றி அன்றே சொல்லப்பட்டுவிட்டது என மேடைகளில் முழங்குவோர் உளர். அவ்வாறு கூறுவது நபிமொழிக்கும் அறிவியலுக்கும் செய்யும் நீதியன்று. அணைக்கச் சொன்ன காரணம் ஹதீஸிலேயே தெளிவாக இருக்கிறது: எலி திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக்கூடும் என்பது அது. மதீனாவில் ஒரு வீடு இரவில் எரிந்துபோனதையொட்டி, நெருப்பு உங்கள் பகை என எச்சரித்ததாக அபூமூஸா (ரலி) அவர்களின் அறிவிப்பும் கூறுகிறது. இமாம் நவவி இதனை விளக்குகையில், பள்ளிவாசல்களில் தொங்கும் விளக்குகளைப் போல் தீப்பற்றும் அச்சம் இல்லாதவிடத்து, காரணம் நீங்கிவிட்டமையால் தடையில்லை எனக் கொள்ளலாம் என்றார். காரணத்தை அறிந்து சட்டத்தை ஓதும் அந்த நேர்மை நமக்கு முன்னோர் விட்டுச்சென்ற செல்வம். அறிவியல் இன்று வேறொரு காரணத்தைக் காட்டுகிறது. உறங்கும் வீட்டாரைத் தீங்கிலிருந்து காப்பது என்ற நோக்கம் அந்நபிமொழியில் வெளிப்படை. புதிய தீங்கு ஒன்று தெரியவரும்போது அந்நோக்கத்தின் கீழ் அதனையும் எண்ணிப்பார்ப்பது முறையே. ஆனால் அது நமது எண்ணம் என்று சொல்ல வேண்டும். ஹதீஸின் சொல் என்று சொல்லலாகாது.

பழக்கவழக்கத்துக்கு இன்னும் நெருக்கமானது அபூபர்ஸா (ரலி) அவர்களின் அறிவிப்பு. இஷாவுக்கு முன் உறங்குவதையும், அதற்குப்பின் பேசிக்கொண்டிருப்பதையும் நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்பது அது. கல்விக்காகவும், வீட்டாருடனும் விருந்தினருடனும் பேசுவதற்கு விலக்கு உண்டென இமாம் புகாரி தலைப்பிட்டே பிரித்துக் காட்டியுள்ளார். நமது அட்சரேகையில் ஆண்டு முழுவதும் பகலின் நீளம் ஏறத்தாழ 11 மணி 20 நிமிடத்துக்கும் 12 மணி 55 நிமிடத்துக்கும் இடையில் அடங்கிவிடுகிறது. வடநாடுகளில் கோடையில் இஷா நள்ளிரவைத் தொடுவது போன்ற இடர் நமக்கு இல்லை. இஷாவை உறக்கத்தின் வாயிலாகக் கொள்வதற்கு இயற்கையே இங்கு துணைநிற்கிறது.

அல்-கஸஸ் அத்தியாயத்தில் இரவும் பகலும் அருட்கொடைகளாக எடுத்துரைக்கப்படுகின்றன. இரவு மறுமை வரை நீண்டுவிட்டால் ஒளியைத் தருபவர் யார் என்ற வினாவைத் தொடர்ந்து, பகல் நீண்டுவிட்டால் ஓய்வுகொள்ள இரவைத் தருபவர் யார் என்ற வினாவும் எழுப்பப்படுகிறது. முதல் வினாவை அக்காலத்தவர் எளிதில் உணர்ந்திருப்பர். முடிவில்லாப் பகல் என்பது அவர்களுக்குக் கற்பனை. நமக்கோ அது கூரையில் தொங்குகிறது.

வீட்டில் செய்யத்தக்கவை செலவு மிக்கவை அல்ல. மக்ரிபுக்குப் பின் சமையலும் பாடமும் முடிந்ததும் கூரை விளக்கை அணைத்து, 2700 கெல்வின் சிறு விளக்கு ஒன்றைத் தாழ்வான இடத்தில், கண்ணில் நேராகப் படாதவாறு வைக்கலாம். படிக்கும் பிள்ளைக்கு அறை முழுவதும் வெளிச்சம் தேவையில்லை. நூலின் மேல் விழும் மேசை விளக்கு போதும். பகலில் நல்ல வெளிச்சம் பெற்ற உடலை இரவு விளக்கு அவ்வளவாகப் பாதிப்பதில்லை என ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே சுப்ஹு தொழுத பின் மீண்டும் படுக்கைக்குச் செல்லாமல் சற்று வெளியே நடப்பது, இரவுக்குச் செய்யும் ஏற்பாடுகளுள் ஒன்று எனலாம். நாள் முழுதும் அடுப்படியிலேயே கழிக்கும் பெண்டிருக்கு இது இன்னும் தேவை. முதியோர் இரவில் எழுந்து தடுமாறாதிருக்க, கழிவறைக்குச் செல்லும் வழியில் தரையை ஒட்டிச் செம்மஞ்சள் சிறு விளக்கு இருப்பது நல்லது. விழுந்து இடுப்பெலும்பு முறிவது மெலடோனின் குறைவதைவிடப் பெருந்தீங்கு.

இரவு ஷிப்டு முடித்து வருபவருக்கு விதி தலைகீழாகும். வேலை நேரத்தின் முற்பகுதியில் அவருக்கு வெளிச்சம் தேவை. வீடு திரும்பும்போது வெயில் பகை. காலை ஒளி கண்ணில் பட்டால் கடிகாரம் பகல் எனக் கொண்டு உறக்கத்தை விரட்டும். பேருந்திலோ மின்தொடரிலோ வருபவர் கறுப்புக் கண்ணாடி அணியலாம். இருசக்கர வண்டி ஓட்டுபவர் அதனைத் தவிர்க்க வேண்டும், தூக்கக் கலக்கத்தில் அது ஆபத்து. கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் புறநகர் மின்தொடரில் காலை வெயில் இடப்பக்கச் சன்னல்களில் அடிக்கும். இரவு ஷிப்டு முடித்தவர் வலப்பக்கம் அமர்வது நல்லது. வீட்டில் ஓர் அறையே இருப்பின், ஒரு மூலையைக் கெட்டியான கறுப்புத் துணியால் கூடாரம்போல் மறைத்து, மின்விசிறியின் காற்று உள்ளே வருமாறு மேற்புறம் இடைவெளி விட்டுத் தரலாம். துணி வாங்க வழியில்லாதவர், நான்காக மடித்த கைக்குட்டையைக் கண்ணின் மேல் கட்டிக்கொண்டு உறங்கலாம்.